எல்லாரையும் ராஜாதான் அழைத்து வந்தாரா? சோழர் காலக் குடிபெயர்வும் நம் நடுநாடும் (கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம்)

நடுநாட்டான் (வில்லியனூர்):
குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பெரியவர்களிடம் கேட்டேன். "ராஜராஜ சோழன் நம்மை வடக்கிலிருந்து அழைத்து வந்து இங்கே குடிவைத்தார்" என்றார்கள். எழுதிக்கொண்டேன். அப்புறம் பக்கத்துத் தெருக் கோயிலின் பழைய மலரைப் புரட்டினால் அவர்களையும் ராஜராஜன்தான் அழைத்து வந்திருக்கிறார். ஏரிக்கரைத் தெருக்காரர்களை மட்டும் ராஜேந்திரன். எல்லாரையும் ராஜாவே அழைத்து வந்திருந்தால், அதற்கு முன்னால் இங்கே உழுதுகொண்டிருந்தது யார்? சோழர் காலத்தில் யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதற்குக் கல்லிலோ செப்பேட்டிலோ சாட்சி இருந்தால் சொல்லுங்கள். கதை என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

கெடிலக்கரை (கடலூர்):
ராஜா ஆட்களை அழைத்து வந்து குடிவைத்தது கட்டுக்கதை இல்லை. ஆனால் யாரை, எதற்கு என்று பார்க்க வேண்டும். தெளிவான சாட்சி தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பாடும் பெண்களை, வரவழைத்துத் தஞ்சாவூரில் குடியேற்றினான். திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம், திருவையாறு என்று ஒவ்வொருத்தியும் எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பது கல்லில் வெட்டியிருக்கிறது. எந்தத் தளிச்சேரி (கோயில் தெரு), எந்தச் சிறகு (தெருவின் வரிசை), எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல்.

அதே கல்வெட்டில் ஒரு நிபந்தனையும் உண்டு. பங்கு பெற்றவர் செத்துப்போனாலோ, வேறு தேசம் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அரசாங்கம் "போய்விட்டால் என்ன செய்வது" என்று யோசித்து எழுதிவைத்திருக்கிறது. அழைத்து வந்தவர்கள் எல்லாரும் தங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கை ராஜராஜனுக்கே இல்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

வெட்டிப்பேச்சு (முதலியார்பேட்டை):
தெரு, சிறகு, வீட்டு எண், சொந்த ஊர், ஆண்டு நெல். ரேஷன் அட்டை மஞ்சளா சிவப்பா என்பதை மட்டும்தான் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் போல.

பாகூர் ஏரி:
தஞ்சாவூர் இருக்கட்டும், நம் பக்கத்துக்கு வருவோம். பாகூர்ச் செப்பேடு பல்லவன் நிருபதுங்கன் காலத்தது, சோழர்களுக்குச் சற்று முந்தியது, பொ.ஆ. 877 என்று கணக்கிடுகிறார்கள். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைப் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, கொடுத்தார்கள். படிக்கவும் பாடம் சொல்லவும் வந்தவர்களுக்குச் சோறு அந்த மூன்று ஊர் விளைச்சலில் இருந்து.

திருபுவனையில் 1048இல், முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு நெல் ஒதுக்கிய கல்வெட்டு இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் வாரியங்களில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். பக்கத்தில் எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இன்றைக்குப் புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் பேருந்தில் போகும்போது சன்னலில் பார்த்துவிட்டு விடுகிற ஊர்கள் அன்றைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஊர்கள். குடிபெயர்வு என்றால் இதையும் சேர்க்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று ஊர் விளைச்சல் வித்யாஸ்தானத்துக்குப் போனது. விளைவித்தவர்கள் பெயர் ஒன்றாவது அந்தச் செப்பேட்டில் இருக்கிறதா? நாங்கள் நான்கு தலைமுறையாக அந்த ஏரிப் பாசனத்தில் நடவு நடுகிறவர்கள், அதனால் கேட்கிறேன்.

பனம்பழம்:
திருபுவனையின் பழைய பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். அதற்குத்தானே கரந்தைச் செப்பேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களைக் குடியேற்றினதாக இருக்கிறது? ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று படித்த நினைவு. நம் ஊருக்கு வந்த பெரிய குடியேற்றம் அதுதான்.

கெடிலக்கரை:
அந்தத் திரிபுவனமாதேவி வேறு, இந்தத் திரிபுவனமாதேவி வேறு. கரந்தைச் செப்பேடு ராஜேந்திரனுடையது, 1020ஐ ஒட்டியது. அதில் சொல்லும் ஊர் சோழமண்டலத்தில், காவிரிப் பக்கம். அரசர், அரசி பெயரையும் பட்டப்பெயரையும் ஊருக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம் என்பதால் ஒரே பெயரில் பல ஊர்கள் கிடைக்கும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து யார் எங்கே வந்தார்கள் என்று முடிவு கட்டினால் இப்படித்தான் நூறு மைல் தள்ளிப் போய் இறங்குவோம். கோயில் மலர் எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது.

செப்பேட்டில் பெறுகிறவர்களின் பெயர், கோத்திரம், பூர்வீக ஊர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அதில் தெலுங்கு நாட்டு ஊர்ப்பெயர்கள் தாங்கியவர்கள் நிறையப் பேர். நீங்கள் சொன்னதில் அந்தப் பகுதி சரி. தெலுங்கு நாட்டு வேங்கி அரசுக்கும் தஞ்சைக்கும் அப்போது பெண் கொடுத்து எடுக்கும் உறவு இருந்ததால் போக்குவரத்து நிற்காமல் நடந்தது.

பாகூர் ஏரிக்கு: தானம் கொடுக்கும்போது அங்கே ஏற்கெனவே இருந்தவர்களை என்ன செய்வது என்பதைப் பட்டயங்கள் இரண்டே சொல்லில் முடித்துவிடும். 'குடிநீங்கா' என்றால் உழுகிறவர்கள் அப்படியே இருக்கலாம், வரி மட்டும் கோயிலுக்கோ சபைக்கோ போகும். 'குடிநீக்கி' என்றால் பழைய உரிமைக்காரர்களை விலக்கிவிட்டுக் கொடுத்தது. குடியேறியவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி, நீங்கியவர்களுக்கு மொத்தமாக ஒரு சொல்.

வெட்டிப்பேச்சு:
வேங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. 1070இல் சோழ சிம்மாசனத்தில் ஏறிய முதலாம் குலோத்துங்கனே கீழைச் சாளுக்கிய வீட்டுப் பிள்ளைதானே? அப்பா வேங்கி ராஜராஜ நரேந்திரன், அம்மா ராஜேந்திர சோழன் மகள் அம்மங்கைதேவி. ராஜாவே வந்தேறி. அப்புறம் குடிகளைப் பற்றி என்ன பேச்சு.

மட்டுறுத்துநர்:
'வந்தேறி' என்ற சொல்லை வைத்து இங்கே முன்பு நடந்த சண்டைகள் போதும். குலோத்துங்கனுக்கு மட்டும் அனுமதி, அவர் வந்து புகார் கொடுக்க மாட்டார். வாழும் மனிதர்கள் மேல் அதை எறிகிற பதிவுகள் நீக்கப்படும். சாதிப் பெருமையும் வேண்டாம், சாதி வசையும் வேண்டாம். தலைப்பில் நில்லுங்கள்.

தறிக்காரி (முத்தியால்பேட்டை):
ராஜா அழைத்து வந்ததையே எல்லாரும் பேசுகிறீர்கள். போகக்கூடாது என்று தடுத்ததையும் பேச வேண்டாமா? அதே திருபுவனையில்தான் சபை ஒரு தீர்மானம் போட்டது. இந்த ஊர்க் கொல்லர், தச்சர், தட்டார், நெசவாளர் எல்லாரும் இந்த ஊருக்குள்தான் தொழில் செய்ய வேண்டும். வெளியூருக்குப் போய்ச் செய்தால் சபைக்குக் குற்றம் செய்தவர்கள், ஊரைக் கெடுத்தவர்கள் என்று கணக்கு. 260 பேருக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்த அதே ஊர் இது.

யாரும் போகாத ஊரில் 'போகாதே' என்று கல்லில் வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. கூலி நன்றாகக் கிடைக்கிற இடத்துக்கு ஆட்கள் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், சபைக்கு அது வலித்திருக்கிறது.

எங்கள் தொழிலில் நழுவுவது சுலபம். பாவு நூலையும் அச்சையும் சுருட்டி வண்டியில் போட்டால் போதும். போகிற ஊரில் குழி தோண்டினால் தறி. நிலம் வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எந்த ராஜாவும் அழைத்ததாகச் சொல்ல மாட்டார்கள். "அங்கே பிழைப்பு இல்லை, இங்கே இருந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும்.

நடுநாட்டான்:
அக்கா, இந்தத் தீர்மானம் எனக்கு மிகவும் பயன்படும். நன்றி. ஆனால் என் பெரியவர்கள் ஏன் விடாப்பிடியாக ராஜா, வடக்கு என்றே சொல்கிறார்கள்? ஒன்றுமில்லாமல் ஒரு கதை இத்தனை வீடுகளில் ஒரே மாதிரி வருமா?

கெடிலக்கரை:
அந்தக் கதைக்கே கல்வெட்டு இருக்கிறது, அதுதான் வேடிக்கை. திருச்சிப் பக்கம் ஊட்டத்தூர். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1218. வலங்கை, இடங்கை என்று அன்றைய சாதிகள் இரண்டு அணியாக இருந்தன; அதில் இடங்கை 98 சாதியார் தாங்கள் யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்னிகுண்டத்தில் பிறந்தவர்களாம். அப்புறம் அரிந்தமச் சக்கரவர்த்தி காலத்தில், கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே உள்ள அந்தர்வேதியிலிருந்து பிராமணர்கள் வந்தபோது, அவர்களுடைய செருப்பையும் குடையையும் ஏந்திக்கொண்டு உடன் வந்தார்களாம். வந்த இடத்தில் ஐந்து ஊர்களில் குடிவைக்கப்பட்டார்களாம்.

வடக்கு, ராஜா, குடிவைத்தல் மூன்றும் இருக்கின்றனவா? நம் கோயில் மலர்களின் முதல் பக்கம் 800 ஆண்டுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு 98 சாதியும் கங்கைக் கரையிலிருந்து நடந்து வந்தது என்று எவரும் நம்ப வேண்டியதில்லை. இது யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. 1218இல் 'நாங்களும் ராஜாவோடு வந்தவர்கள்' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்த நூற்றாண்டில்தான் காட்டிலும் மேட்டிலும் இருந்தவர்கள், படைவீரர்கள், கைவினைஞர்கள் எல்லாரும் நிலம் வாங்குகிறார்கள், கோயிலில் மரியாதை கேட்கிறார்கள். மரியாதை கேட்பவரிடம் 'நீ யார்' என்று கேள்வி வரும். பதில் தயாராக இருக்க வேண்டும்.

மலைக்கோட்டான்:
சார், எல்லா வாய்மொழியையும் இப்படி மரியாதைக்காகச் சொன்னது என்று தள்ளிவிட முடியாது. தமிழ்ப் பிராமணர்களில் அஷ்டசகஸ்ரம் என்றொரு பிரிவு உண்டு. வடமொழியில் அது எண்ணாயிரம்தான். ஊரை விட்டு எங்கெங்கோ போய் எத்தனையோ தலைமுறை ஆனபிறகும் பிரிவின் பெயரில் ஊர் தங்கியிருக்கிறது. வடமர் என்ற பெயரும் அப்படியே திசையைச் சொல்கிறது. ஆயிரம் பேர் பூர்வீக ஊரோடு செப்பேட்டில் ஏறியிருப்பதை நீங்களே சொன்னீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் "வடக்கிலிருந்து ராஜா அழைத்தார்" என்று சொன்னால் அது உண்மைதானே?

கெடிலக்கரை:
அவர்கள் சொன்னால் உண்மை. அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பக்கத்துத் தெருவும் சொல்லத் தொடங்கியதுதான் ஊட்டத்தூர். செருப்பும் குடையும் எதற்கு வந்தன என்று பாருங்கள், ஏற்கெனவே மதிப்புள்ள ஒரு பயணக் கதையோடு தங்கள் கதையைக் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன், தள்ளச் சொல்லவில்லை.

மலைக்கோட்டான்:
இது ஒப்புக்கொள்ளக்கூடியது. ஆனாலும் சொல்வேன்: செப்பேடு வாங்குகிற அளவு செல்வாக்கு இருந்தவர் கதை மட்டும் உண்மை, மற்றவர் கதை ஆசை என்று ஆகிவிடுகிறது. உடன் வந்த சமையற்காரன், சலவைக்காரன் பெயரைச் செப்பேட்டில் எவன் போடுவான்? செருப்புத் தூக்கி வந்தவர்கள் நிஜமாகவே சிலர் இருந்திருப்பார்கள்.

முதுகுன்றம் (விருத்தாசலம்):
இழை முழுவதும் கொடையும் கோயிலுமாகவே போகிறது. நம் மாவட்டத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்ததற்குப் பெரிய காரணம் போர். கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருவந்திபுரம், தேவநாதசுவாமி கோயில். கல்யாணத்துக்குப் போகிறோம், மொட்டை போடுகிறோம், ஆனால் அந்தக் கல்வெட்டைப் படிக்க நின்றவர் குறைவு. இந்தப் பக்கத்துக் குறுநில அரசன் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கிறான், 1231 வாக்கில். கன்னட நாட்டுப் போசள அரசன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) அப்பண்ணனையும் சமுத்திர கொப்பய்யனையும் அனுப்பி மீட்கிறான். போகிற வழியில் என்ன செய்தார்கள் என்பதைக் கூச்சமே இல்லாமல் பெருமையாக வெட்டிவைத்திருக்கிறார்கள். ஊர்களைச் சுட்டார்கள், அழித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள். திருவதிகை, திருவக்கரை எல்லாம் அந்தப் படை நடந்த வழியில் வருகின்றன.

செத்தவர்கள் பட்டியலில் ஈழத்து ராஜா பராக்கிரமபாகு என்று ஒருவர் இருக்கிறார். கடல் தாண்டி வந்து இந்தச் சண்டையில் செத்திருக்கிறார். வந்த படையில் எல்லாரும் திரும்பிப் போகவும் இல்லை. போசளர்கள் சமயபுரம் பக்கம் கண்ணனூரில் தலைநகரே போட்டு உட்கார்ந்தார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் தமிழ்நாட்டுக்குள் வந்ததற்கு அது ஒரு வாசல். அப்புறம் விஜயநகரம் வந்தபோது அந்த வாசல் அகலமானது, செஞ்சி நாயக்கர் வரைக்கும் போகும்.

சுடப்பட்ட ஊர்க்காரர்கள் எங்கேயோ போய்த்தான் பிழைத்திருப்பார்கள். அவர்கள் போய் இறங்கிய ஊரில் 'சண்டைக்குப் பயந்து ஓடி வந்தோம்' என்று எந்தக் கோயில் மலரில் எழுதுவார்கள்? இரண்டு தலைமுறை போனால் அதுவும் 'ராஜா அழைத்தார்' ஆகியிருக்கும்.

பாகூர் ஏரி:
கடைசி வரி சரியான அடி.

பஞ்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பாம்புரத்தில் 1201இல் ஒரு கல்வெட்டு. நெல் விலை ஏறி, ஒரு காசுக்கு மூன்று நாழிதான் கிடைத்தது. ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். சாதாரண கூலிக்காரர் இல்லை, வெள்ளாளர். தஞ்சையில் வீடும் பங்கும் கொடுத்துக் கோயிலுக்கு அழைத்ததும், இங்கே பசிக்குக் கோயிலில் போய் விழுந்ததும் ஒரே ராஜ்ஜியத்தில், 200 ஆண்டு இடைவெளியில்.

பனம்பழம்:
கடல் கடந்து போனவர்கள்? சுமத்ரா பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. சீனாவில் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டு. அது மலரில் வந்தால் நன்றாக இருக்கும்.

நடுநாட்டான்:
வில்லியனூர்க் கோயில் மலரில் சுமத்ராவுக்குப் போனால் அச்சகத்துக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பார். வேறு இழை தொடங்குங்கள், வருகிறேன்.

முதுகுன்றம் ஐயா, வரி தாங்காமல் ஊரை விட்டுப் போனதற்கு நம் பக்கம் ஏதாவது உண்டா?

முதுகுன்றம்:
எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலிலேயே உண்டு. 1429, விஜயநகர ஆட்சி. வலங்கை 98, இடங்கை 98 இரண்டும், அதாவது எப்போதும் அடித்துக்கொள்கிற இரண்டு தரப்பும், கூடி ஒப்பந்தம் போடுகின்றன. அரசு அதிகாரிகளும் நிலத்துக்கு மேலே உட்கார்ந்திருந்த ஜீவிதக்காரர்களும் நியாயமில்லாமல் வசூலிக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக்கூடாது, கணக்கு எழுதக்கூடாது. மீறிப் போகிறவனைக் குத்திக் கொல்லலாம் என்பது வரை போகிறது. அதே ஆண்டில் ஆடுதுறை, கொறுக்கை என்று வேறு ஊர்களிலும் இதே மாதிரி வெட்டியிருக்கிறார்கள்.

ஊரை விட்டுப் போவதும் அந்த எதிர்ப்பின் ஓர் ஆயுதம்தான். விஜயநகரக் காலத்தில் குடிகள் போய்விட்டார்கள், நிலம் பாழ் விழுந்தது, வரியைக் குறைத்து மறுபடி குடியேற்றினோம் என்கிற கல்வெட்டுகள் தொண்டைமண்டலத்திலும் இங்கேயும் வருகின்றன. ஆள் இல்லாத நிலத்துக்கு விலை ஏது? புதிதாக வருகிறவர்களுக்குச் சில ஆண்டு வரி இல்லை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று சலுகை கொடுத்தார்கள். 'ராஜா அழைத்தார்' என்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கலாம். போனவனைத்தான் அழைத்திருப்பார்.

தறிக்காரி:
சலுகை என்றால் வரி மட்டும் இல்லை. 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நம் பக்கத்துக் கைக்கோளர்கள், அதாவது நெசவாளர்கள், தண்டும் சங்கும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், தண்டு என்றால் பல்லக்கு. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கொடுத்தார்கள். துணிக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறிய காலம், தறிக்கடமை கருவூலத்துக்கு முக்கியமான வரவு. நெசவாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் யாருக்கு நட்டம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். திருபுவனைச் சபை 'வெளியே போகாதே' என்று கட்டிப்போட்ட அதே தொழில்காரர்கள், சில நூற்றாண்டு கழித்துச் சங்கு ஊதிக்கொண்டு பல்லக்கில் போகிறார்கள்.

தம்பி நடுநாட்டான், மலரில் இதை எழுதினால் ராஜா கதையை விடப் பெருமையாகத்தான் இருக்கும். அழைத்து வந்து வைத்தார்கள் என்பதில் நமக்கு என்ன பெருமை இருக்கிறது, போவோம் என்று சொல்லிக் காரியம் சாதித்தார்கள் என்பதில் அல்லவா இருக்கிறது.

நடுநாட்டான்:
விழாக்குழுத் தலைவரிடம் போனில் படித்துக் காட்டினேன். "ராஜராஜன் படத்தை அட்டையில் போட்டாகிவிட்டது, உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது" என்றார். ஆகவே பெரியவர்கள் சொன்ன கதையை அவர்கள் சொன்னபடியே ஒரு பத்தி, அதற்குக் கீழே ஊட்டத்தூர், அப்புறம் திருபுவனைத் தீர்மானம், திருவந்திபுரம், 1429. படம் எடுக்கத் திருபுவனைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். கல்வெட்டின் முழு வாசகம் எங்கே கிடைக்கும்?

கெடிலக்கரை:
புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவன நூலகத்தில் கேளுங்கள், உட்கார்ந்து படிக்கலாம். முதலில் வாசகத்தைப் படித்துவிட்டு, எந்தச் சுவர் என்று குறித்துக்கொண்டு, அப்புறம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். சுற்றி வந்து தேடினால் பொழுது போய்விடும். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம், தொல்லியல் துறை காவலர் விடவும் மாட்டார். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் போதும். மடுகரைப் பக்கம் திரும்பிவிடாதீர்கள், விழுப்புரம் சாலையிலேயே நேராகப் போக வேண்டும்.

வெட்டிப்பேச்சு:
திருபுவனையைத் தாண்டி மதகடிப்பட்டிலும் இறங்குங்கள், அங்கேயும் சோழர் காலக் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேண்டாம், சந்தை. மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் ராஜராஜனே வந்தாலும் வழி கிடைக்காது.